படம் போட்ட துணியில் சின்னக் குயில்ட்: வெட்ட மனசே வரல!

நூல்கண்டு:
பண்டிகை டிசைன்ல ஒன்றரை மீட்டர் காட்டன் துணி கையில இருக்கு, 44 இஞ்ச் அகலம். சிவப்பு மப்ளர் கட்டின ஆந்தைங்க, நடுநடுவே விளக்கு, நட்சத்திரம், கொஞ்சம் தங்கப் புள்ளி. ஆந்தை ஒவ்வொண்ணும் சுமார் 5 இஞ்ச் உயரம். மேஜை நடுவுல விரிக்கிற அளவுல ஒரு குயில்ட் (துண்டுத் துணிகளை இணைச்சு, உள்ள பஞ்சு வெச்சுத் தைக்கிற விரிப்பு) தைக்க ஆசை.

நான் பார்த்த பேட்டர்ன் 4 இஞ்ச் கட்டமா வெட்டச் சொல்லுது. பேப்பர் வெச்சுப் பார்த்தேன். ஒரு கட்டத்துல காது, இன்னொண்ணுல வெறும் கால்! முழுசா விட்டா அது குயில்ட் இல்ல, மேஜை விரிப்பு. நடுவுல ஏதாவது வழி இருக்கா? நேர்த்தையல் நல்லா வரும், குயில்ட்தான் புதுசு.

ஊசிமுனை:
முதல்ல சிவப்பைக் கவனிங்க. ஓரத்துல ஒரு துண்டு வெட்டி, ஈரமான வெள்ளைத் துணி மேல வெச்சு அழுத்திப் பாருங்க. சாயம் ஏறினா தைக்கிறதுக்கு முன்னாடியே அலசிடணும். தங்கப் புள்ளி இருக்கிறதால அயர்ன் பின்பக்கமா, சூடு கம்மியா.

தையல்பித்து:
அந்தப் பேட்டர்னை மூடி வைங்க தங்கச்சி. படம் போட்ட துணிக்குப் படம்தான் அளவு சொல்லணும், ஸ்கேல் இல்ல. 5 இஞ்ச் ஆந்தைக்கு 6 இஞ்ச் கட்டம் வேணும். சுத்தி அரை இஞ்ச் காலி இடம் இருந்தாதான் அது மூச்சு விடும்.

ஒரு அட்டையை 6½ இஞ்ச் சதுரமா வெட்டி, உள்ள 6 இஞ்ச் ஜன்னல் போடுங்க. ஓரத்துல நிக்கிற கால் இஞ்ச் தையலுக்குள்ள போற இடம். துணி மேல நகர்த்திட்டே வாங்க. ஆந்தையோட காது அட்டைக்கு அடியில ஒளிஞ்சா தைச்ச பிறகும் ஒளிஞ்சிடும்னு அர்த்தம். சரியா உட்கார்ந்ததும் வெளி ஓரத்தைச் சுத்திப் பென்சில் கோடு. துணி ஓட்டை ஓட்டையா ஆகும், வயிறு எரியும். பரவாயில்ல, மிச்சத்துல சின்ன நட்சத்திரங்களைப் பொறுக்கிக்கலாம்.

இப்போ முக்கியமான சமாச்சாரம். ஆந்தைப் பக்கத்துல ஆந்தையை ஒட்டித் தைக்காதீங்க. எல்லாரும் ஒரே நேரத்துல கத்தற மாதிரி இருக்கும். நடுவுல 2 இஞ்ச் பட்டை வெட்டி வைங்க (தைச்சா 1½ வரும்), ஒரே நிறத்துல. எனக்குன்னா மப்ளர் சிவப்பை எடுக்கமாட்டேன், பின்னணியில இருக்கிற மங்கின நிறத்தைத்தான் எடுப்பேன். பட்டைகள் சந்திக்கிற 4 மூலையிலயும் 1 இஞ்சுக்குள்ள இருக்கிற நட்சத்திரம். மூணுக்கு மூணு கட்டம், வெளியே 3 இஞ்ச் பார்டர் போட்டா 27 இஞ்ச் சதுரம் வரும். பஞ்சு ஷீட்டும் அடித்துணியும் 31 இஞ்ச் எடுத்துக்குங்க, குயில்டிங் (மூணு அடுக்கையும் சேர்த்துப் போடற தையல்) போடப் போட மேல்துணி கொஞ்சம் நகரும்.

நூல்கண்டு:
அட்டை ஜன்னல் பிரமாதம் அக்கா! ஆனா இப்போதான் பார்க்கிறேன், பிரிண்டே இழைக்குக் கொஞ்சம் சாய்வா விழுந்திருக்கு. எதைப் பார்த்து வெட்ட? இன்னொண்ணு, ஆந்தை எல்லாமே ஒரே பக்கம் தலை. மேஜைக்கு எதிர்ல உட்கார்றவங்களுக்குத் தலைகீழா தெரியாதா?

ஊசிமுனை:
தெரியும். பேசாம சுவர்ல மாட்டுங்க. பின்னாடி மேல் ஓரத்துல ஒரு துணிக்குழாய் தைச்சு கம்பு சொருகினா முடிஞ்சது.

தையல்பித்து:
மேஜைக்குன்னு ஆசைப்பட்டவங்களைச் சுவருக்கு அனுப்பறீங்களே! 4 ஆந்தை போதும். நாலு பக்கத்தோட நடுக் கட்டத்துலயும் ஒண்ணொண்ணு, கால் வெளி ஓரத்தைப் பார்த்து. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அவங்க முன்னாடி இருக்கிறது நேரா நிக்கும். நாலு மூலைக் கட்டத்துல விளக்கு, குறுக்கா சாய்ச்சு. நட்ட நடுவுல வெறும் துணி, அங்க எப்படியும் ஏதாவது ஒரு பாத்திரம் உட்காரத்தான் போகுது.

சாய்வு விஷயத்துல படத்தைப் பார்த்தே வெட்டுங்க. கண்ணுக்குத் தெரியறது ஆந்தைதான், இழை இல்ல. ஆனா இழை தப்பின ஓரம் இழுத்தா நீளும், சாய்ச்சு வெட்டற விளக்கு இன்னும் மோசம். அதனால வெட்டறதுக்கு முன்னாடியே கஞ்சி போட்டு அயர்ன் பண்ணிடுங்க. தேய்க்காம தூக்கித் தூக்கி அழுத்தணும். தைக்கும்போது மெஷினே இழுத்துக்கட்டும், கையால இழுக்காதீங்க.

கடைசியா குயில்டிங். ஆந்தை முகத்துக்குக் குறுக்கே கோடு போட்டா நான் மன்னிக்கமாட்டேன்! பட்டையும் கட்டமும் சேர்ற கோட்டு மேலயே ஒரு தையல், உருவத்தைச் சுத்தி ஒரு தையல், அவ்வளவே. தையல் நீளம் 3 வைங்க. எவ்வளவு இடைவெளி விடலாம்னு பஞ்சு ஷீட் பாக்கெட்லயே போட்டிருக்கும், படிச்சிட்டு ஆரம்பிங்க.

நூல்கண்டு:
மூலை விளக்கெல்லாம் குறுக்கா சாய்ஞ்சா 6 இஞ்சுக்குள்ள அடங்குது, பார்த்துட்டேன். கஞ்சி போட்டுக் காயப் போட்டிருக்கேன். பைண்டிங்குக்கு (ஓரத்தைச் சுத்தி மூடித் தைக்கிறதுக்கு) 2½ இஞ்ச் பட்டை எத்தனை வெட்டணும்?

தையல்பித்து:
சுத்தளவு 108. திருப்பத்துக்கும் ஒட்டுக்கும் 10 சேருங்க. 44 இஞ்ச் துணியில 3 பட்டை எட்டும், 4 வெட்டிட்டா பயமில்ல.