கோடை நெல்லு பூக்குறப்ப சூடு: இலை தாங்குது, பூ ஏன் தாங்கல? மைட்டோகாண்ட்ரியா பத்தி ஒரு கேள்வி

வெண்ணாத்தங்கரை:
வணக்கம். நமக்கு நீடாமங்கலம் பக்கம், போர் தண்ணி இருக்கு, அதனால கோடையிலயும் நெல்லு போடுறோம். சித்திரை வெயில்ல கதிர் பூக்குறப்ப சூடு அடிச்சுட்டா கருக்கா (பதர்) கூடிப்போகுது, ஆனா பயிர பாத்தா பச்சையா நல்லாத்தான் நிக்குது. பதினொண்ணாவது படிக்கிற என் பொண்ணு, சூட்டுல செல்லுக்குள்ள சக்தி உண்டாக்குற மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போகும்னு சொல்லுது. இலையில இருக்குறதும் அதே மைட்டோகாண்ட்ரியாதானே, அது மட்டும் எப்படி பழகிக்குது?

குடந்தை டீச்சர்:
அண்ணே, பாப்பா சொன்னது சரிதான். மைட்டோகாண்ட்ரியாவோட உள்சவ்வு ஒரு பக்கம் புரோட்டான தேக்கி வச்சுக்கும், அது மதகுல தண்ணி இறங்குற மாதிரி இறங்குறப்பதான் செல்லு வேலை செய்ய சக்தி கொடுக்குற ஏடிபி உண்டாகுது. சூடு ஏறினா சவ்வு கொழுப்பு இளகி, மதகுக்கு வராம கரையிலயே கசிய ஆரம்பிக்கும், ஏடிபி குறையும், ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி செல்ல அரிக்கிற பொருளெல்லாம் கூடும், புரதங்களும் மடிப்பு கலைஞ்சுபோகும்.

செல்லு அத அப்படியே விட்டுடாது. வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள உண்டாக்கி, அதுல சிலத மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளயே அனுப்பி, கலைஞ்ச புரதத்த திரும்ப மடிக்க வைக்கும். செடிக்கு இன்னொரு வசதி, ஆல்டர்நேட்டிவ் ஆக்ஸிடேஸ்னு ஒரு நொதி, நம்ம உடம்புல கிடையாது, எலக்ட்ரான குறுக்கு வழியில ஆக்சிஜனுக்கு கொடுத்துடும், ஏடிபி கம்மியாத்தான் கிடைக்கும் ஆனா பெராக்சைடு ஏறாது. மெதுவா சூடேறி பழகின இலைக்கு இதெல்லாம் ஏற்கனவே தயாரா இருக்கும்.

ஒண்ணு சொல்லியே ஆகணும். 1962ல இத்தாலில ரிட்டோசாங்கிறவரு, சூடு பட்ட பழ ஈயோட குரோமோசோம்ல சில இடம் உப்புறத பாத்தாரு, அது இந்த வெப்ப அதிர்ச்சிப் புரதங்களோட மரபணு வேலை செய்யுற இடம்; சூடே இல்லாம டைநைட்ரோபீனால்னு ஒரு மருந்து கொடுத்தாலும் அதே இடம்தான் உப்புச்சு. அந்த மருந்து செய்யுறது புரோட்டான் தேக்கத்த உடைக்கிறது! வகுப்புல இத சொல்றப்பல்லாம் எனக்கு சிலிர்க்கும்.

நெல்லு ஆராய்ச்சி மாணவன்:
டீச்சர் சொன்னதோட சேத்து பூ விஷயம் சொல்றேன் அண்ணா. மகரந்தப்பைக்குள்ள டபீட்டம்னு ஒரு அடுக்கு, மகரந்தத்துக்கு சாப்பாடு கொடுக்குறது அதுதான். மக்காச்சோளத்துல 1978லயே எண்ணிப் பாத்திருக்காங்க, மகரந்தம் உருவாகுற சமயத்துல அந்த அடுக்கோட ஒரு செல்லுல மைட்டோகாண்ட்ரியா 40 மடங்கு வரைக்கும் பெருகுது. அவ்வளவு ஏடிபி தேவைப்படுற எடத்துல கசிவு வந்தா தாங்காது. அதோட முதிர்ந்த மகரந்தம் இலை அளவுக்கு வெப்ப அதிர்ச்சிப் புரதம் உண்டாக்காது. இலைக்கு மறுநாள் சரி பண்ணிக்க நேரம் இருக்கு, நெல்லுப்பூ காலையில ஒரு தடவ திறந்து சுமார் ஒரு மணி நேரத்துல மூடிடும், அந்த நேரத்துல 35 டிகிரிக்கு மேல போனா மகரந்தப்பை சரியா வெடிக்காது, கருக்காதான். நாகினா 22ங்கிற பழைய ரகம் இத நல்லா தாங்கும், அத வச்சுதான் ஒட்டு சேக்குறாங்க.

முத்துப்பேட்டை விவசாயி:
தம்பி சொன்னது கரெக்ட், விதைக்கிற பட்டம்தான் முக்கியம், பூக்குறது மாசி கடைசி, பங்குனி முதல்லயே முடியுற மாதிரி நாத்து விட்டுடுங்க, பூக்குற நாள்ல வயல காயவிடாதீங்க.

நெல்லு ஆராய்ச்சி மாணவன்:
ஆமாண்ணே. ராத்திரி சூட்டையும் கவனிங்க, ராத்திரி புழுங்கினா மைட்டோகாண்ட்ரியா வேகமா சுவாசிச்சு பகல்ல சேத்த சர்க்கரைய எரிச்சுடும். பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்து வயல்ல வறண்ட பருவத்துல குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி கூடினதுக்கு விளைச்சல் 10 சதவீதம் குறைஞ்சிருக்குன்னு 2004ல எழுதியிருக்காங்க.

வெண்ணாத்தங்கரை:
ரொம்ப நன்றி தம்பி, டீச்சர். பொண்ணுகிட்ட அப்படியே படிச்சுக் காட்டுறேன். நாகினா 22 வச்சு ஒட்டு சேத்த ரகம் நம்ம டெல்டாவுக்கு ஒத்து வருமான்னு ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துல கேட்டுப் பாக்குறேன்.