பொருள்: ‘செயலி பழுது’ – தலைப்புக்குச் சொல் வேண்டும், வெள்ளிக்குள்

ஐ.டி.ஐ. பயிற்றுநர், காரைக்குடி:
வணக்கம். வன்பொருள் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கணினியின் மையச் சில்லான பிராசசரின் ‘பின்’ (மெல்லிய உலோக இணைப்புக் கம்பி) வளைந்தால் சரிசெய்யும் பாடத்துக்குச் ‘செயலி பழுதுநீக்கல்’ என்று தலைப்பு வைத்தேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் ‘எந்த ஆப்?’ என்று எழுதியிருக்கிறார். மாணவர்களும் அப்படித்தான் படிப்பார்கள். பிராசசர், பின், நிமிர்த்தும் வேலை, மூன்றுக்கும் சொல் தாருங்கள்.

மொழிபெயர்ப்பாளர், பள்ளத்தூர்:
நுண்செயலி. பின்னுக்கு ஊசி.

பழுதுக்கடை, செக்காலை ரோடு:
ஊசி வேண்டாங்க. பிராசசர் உட்காரும் சாக்கெட்டுக்குள் வளைந்ததைத் தையல் ஊசியால்தான் தள்ளுகிறோம். ‘ஊசியை ஊசியால் தள்ளுக’ என்றா அச்சடிப்பது? கடையில் ‘கால்’ என்போம். ஐசி கால், டிரான்சிஸ்டர் கால் மாதிரி. ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்4 வகைப் பிராசசருக்கு அடியில் 1331 கால். ஒரு கால் சாய்ந்தால் 0.5 மி.மீ. லெட் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, முனைக்குழாயை அதில் மாட்டி மெல்ல நிமிர்த்த வேண்டும், நுழையாவிட்டால் 0.7. வரிசையாகச் சாய்ந்திருந்தால் பழைய ஏடிஎம் கார்டை இடையில் விட்டு நீளவாக்கில் ஓட்டலாம், பிறகு குறுக்குவாக்கில். சரியாகிவிட்டால் தன் எடையிலேயே சாக்கெட்டில் இறங்கும். அழுத்தினால்தான் இறங்கும் என்றால் இன்னும் ஏதோ சாய்ந்திருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்:
அண்ணே, 2004-இல் எல்ஜிஏ775 என்ற சாக்கெட்டு வகை வந்ததிலிருந்து இன்டெல் மேசைக்கணினி பிராசசரில் காலே இல்லை, எல்லாம் சாக்கெட்டில்தான். 2022-இல் ஏஎம்டியின் ஏஎம்5-உம் அப்படி மாறிவிட்டது. ‘பிராசசர் கால்’ என்று எழுதினால் பாதிப் பாடம் பொய்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தேவகோட்டை:
‘முள்’ இருக்க ஏன் திண்டாட்டம்? கடிகார முள், தராசு முள். பிடிக்கும் கருவிக்கும் முள்வாங்கி என்ற பெயர் வழக்கில் உண்டு. வேலைக்கு நிமிர்த்தல் போதாது, செப்பனிடல் என்க. ‘செப்பம் உடையவன் ஆக்கம்’ என்ற குறளில் செப்பம் என்பது கோணாமை. செப்பனிடு என்றால் பழுதுபார் என்றும் ஆகும். கோணலை நீக்குவதே இங்குப் பழுதுநீக்கம், ஒரே சொல்லில் இரண்டும் அடங்கின. செம்மைக்கு நேர்மையும் பொருள், சிவப்பும் பொருள், செம்பும் அவ்வேரே. முள்ளும் செம்புதானே?

முலாம் துறையாளர், காரைக்குடி:
செம்புக் கலவை ஐயா, அதன்மேல் நிக்கல், அதற்கும் மேல் மெல்லிய பொன். வேர் எதுவானாலும் ஒரு எச்சரிக்கையைப் பாடத்தில் சேருங்கள். ஊசிமுனையால் சுரண்டினால் பொன் போய்விடும். நாளடைவில் தொடுமுனையின் மின்தடை ஏறும். முன்னும் பின்னும் அசைத்தால் உலோகம் இறுகி முறியும். ஒரே திசையில், ஒரே மூச்சில் அல்லாமல் சிறிது சிறிதாக.

பழுதுக்கடை:
முறிந்தாலும் உடனே தூக்கிப் போடக் கூடாது. தரையிணைப்பு (கிரவுண்ட்) முள் பல இருப்பதால் அதில் ஒன்று போனாலும் பெரும்பாலும் கணினி ஓடும். நினைவகத்துக்குப் போகும் முள் என்றால் ஒரு ராம் சிலாட்டு கணினிக்குத் தெரியாமல் போகலாம். சாக்கெட்டு முள்ளைப் பார்க்க டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள்: வரிசை முழுக்க ஒரே பக்கம் மினுங்கும், கோணியது மட்டும் மாறி மினுங்கும். பிராசசருக்கும் கூலருக்கும் இடையில் பூசும் வெப்பப் பசை ஒட்டியிருந்தால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய தூரிகையும் கொண்டு துடையுங்கள். ஏஎம்4-இல் பாதிக் கேடு கூலரை நேராக இழுப்பதால்தான். காய்ந்த பசையோடு பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்துவிட்டு, கூலரை மெல்லத் திருகி எடுக்கணும்.

ஐ.டி.ஐ. பயிற்றுநர்:
இவ்வளவும் சேர்க்கிறேன். ஆனால் செப்பனிடல் என்றால் எங்கள் பையன்களுக்குச் சாலைதான் நினைவுக்கு வரும். நுண்செயலியையும் ‘சின்ன ஆப்’ என்பான்.

தமிழாசிரியர்:
புரியவில்லை என்று எல்லாவற்றையும் விட்டால் எப்போது புரியும், தம்பி? கணினி என்ற சொல்லும் ஒருநாள் புரியாததுதான்.

மொழிபெயர்ப்பாளர்:
‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்று தொல்காப்பியமே விட்டுக்கொடுக்கிறது ஐயா. பிராசசருக்குச் சிபியு என்றே போடலாம்.

தமிழாசிரியர்:
அந்த நூற்பா புதுச்சொல்லுக்கு இடம் தருவது. ஆங்கில எழுத்து மூன்றை அப்படியே வைக்கச் சொல்லவில்லை.

ஐ.டி.ஐ. பயிற்றுநர்:
வியாழன் இரவு ஆகிவிட்டது. தலைப்பு: ‘சிபியு முள் நிமிர்த்தல்’. முள்ளுக்கு எல்லாரும் உடன்பாடு, நிமிர்த்தலுக்கு மூவர், சிபியுவுக்கு இருவர், அதுவும் அரைமனதாக. உள்ளே ஓரிடத்தில் செப்பனிடலையும் வைத்திருக்கிறேன், ஐயா.

தமிழாசிரியர்:
சிபியுவுக்கு என் மறுப்பு நிற்கிறது. அது கிடக்க, சாக்கெட்டுக்குச் சொல் யாருமே கேட்கவில்லையே? பொருத்துவாய் என்க.

பழுதுக்கடை:
அச்சுக்குப் போயிருச்சு ஐயா.