ஒரே ஒரு வீடியோ கேம் என்றால் எதை வைப்பீர்கள்?

எல்லாருக்கும் வணக்கம். மகளின் பள்ளியில், 50 வருடம் கழித்துத் திறக்க ஒரு பெட்டியைப் புதைக்கப் போகிறார்கள். அதில் ஒரே ஒரு வீடியோ கேம் வைக்கலாமாம். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது.

என் ஓட்டு டெட்ரிஸுக்கு, அதாவது மேலிருந்து விழும் கட்டங்களை இடைவெளி இல்லாமல் அடுக்கும் ஆட்டத்துக்கு. 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் எழுதியது. அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படமே வராது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டங்களைக் காட்டினார். மொழி தெரியாதவர்கூட அரை நிமிடத்தில் ஆடத் தொடங்கிவிடலாம். மகளோ மைன்கிராஃப்ட்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். (டவுன்லோடு செய்து ஆடுவதை எப்படிப் புதைப்பதாம்?)

என்னிடம் பழைய கேம் பாயும் (கையில் வைத்து ஆடும் கருவி), அதில் செருகும் டெட்ரிஸ் கார்ட்ரிட்ஜும் இருக்கின்றன. போக்கிமான் என்ற இன்னொரு ஆட்டத்தின் பழைய கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் சேமித்த ஆட்டமும் போச்சு. டெட்ரிஸ் எதையும் சேமிக்காது, அதனால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கேம் பாயில் எப்போதோ பேட்டரி கசிந்து, ஸ்பிரிங்கில் பச்சைக் கறை. வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தேன், பாதிதான் போனது.

மீதியை எப்படி எடுப்பது? சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் தாங்குமா? அப்புறம், டெட்ரிஸைவிட நல்ல தேர்வு இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும்.