முள்ளில்லாத உருண்டைக் கள்ளியில் முடி முளைத்திருக்கிறது, கிள்ளலாமா?

மாடித்தோட்டக்காரி:
ஓசூரிலிருந்து எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் நர்சரியில் வாங்கிய கள்ளி, சாத்துக்குடி அளவுதான் இருக்கும். முள் என்று சொல்ல ஒன்றுமில்லை, விளிம்புகளில் வரிசையாக வெள்ளைப் பஞ்சுப் பொட்டுகள் மட்டும். போன வாரம் ஒரு பொட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் முடி மூடிய உருண்டை ஒன்று கிளம்பியிருக்கிறது. பூஞ்சையா, மாவுப்பூச்சியா? கிள்ளிப் போடக் கை பரபரக்கிறது.

கள்ளிக்கிறுக்கன்:
ஐயோ, கிள்ளிவிடாதீர்கள், அது மொட்டு! பக்கக்குட்டி என்றால் தாயைப் போலவே பச்சை உருண்டையாக வரும், முடியோடு வந்தால் பூதான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எக்கினாப்சிஸ் சப்டெனுடேட்டா, பொலிவியாவின் தரிஹா பக்கத்துச் செடி. 1956இல் பொலிவியத் தாவரவியலாளர் மார்ட்டின் கார்டெனாஸ் வைத்த பெயர், 'ஏறக்குறைய அம்மணம்' என்கிற மாதிரி அர்த்தம் வரும். மொட்டு கொஞ்ச நாள் சும்மா இருக்கிற மாதிரி இருந்துவிட்டுக் கடைசியில் கிடுகிடுவென ஒரு சாண் குழலாக நீளும். சாயங்காலம் விரியும், மறுநாள் வெயில் ஏறினால் தொங்கிவிடும். தொட்டியை நகர்த்த வேண்டாம், மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.

புதுசு_72:
அப்போ இதுதான் நிஷாகந்தியா? எங்கள் பாட்டி வீட்டில் இருந்தது.

கள்ளிக்கிறுக்கன்:
இல்லை, அது இலை மாதிரித் தட்டையான தண்டு உள்ள வேறு கள்ளி. இரண்டும் ராத்திரியில் வெள்ளையாய் மணத்தோடு பூக்கும், அதனால் வருகிற குழப்பம். இந்த உருண்டையின் பூவுக்குள் குழல் ஆழம், நீண்ட நாக்கு உள்ள பருந்து அந்துப்பூச்சிகளுக்குத்தான் தேன் எட்டும்.

சென்னைவெயில்:
என்னுடையது நான்கு வருடமாகக் குட்டி மட்டும் போடுகிறது, பூவே இல்லை.

கள்ளிக்கிறுக்கன்:
குளிர்காலத்தில் நன்றாகக் குளிர்ந்து, காய்ந்து கிடந்தால்தான் மொட்டு வைக்கும். மார்கழி, தையில் தண்ணீரை அநேகமாக நிறுத்திப் பாருங்கள். குட்டிகளையும் பிரித்து நடுங்கள். ஓசூர்க் குளிர் சென்னையில் எங்கே கிடைக்கும், அதற்கு என்னிடம் மருந்தில்லை.

மாடித்தோட்டக்காரி:
நேற்று ராத்திரி விரிந்தது! கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டுப் பதினோரு மணிக்கு வந்தால் மாடிப்படியிலேயே வாசனை. செடியை விடப் பூ பெரிசு. காலையில் மாமியாரைக் கூட்டிப்போய்க் காட்டுவதற்குள் பாதி வாடிவிட்டது, 'இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்' என்றார்.