மறு: ஒலியும் படமும் சேராமல் போவதற்குக் கலைச்சொல் – பிசகு, நழுவல்

நண்பர்களுக்கு வணக்கம். வீடியோ மென்பொருளின் தமிழ் மொழிபெயர்ப்பில், ஒலியும் படமும் சேராமல் போவதை எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சுக்கு இது என் பதில். மேற்கோள் குறியிட்ட வரிகள் நண்பர்கள் முன்பு எழுதியவை.

> 'ஒத்திசைவின்மை' என்று ஒரே சொல்லாக வைத்துவிடலாமே. எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது.

எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 'ஒத்திசைவு' பொதுச்சொல்லாக இருக்கட்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் வீடியோ கோப்பை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது வருகிற கோளாறு ஒரே வகை இல்லை. காரணத்திலும் தீர்வு முறையிலும் வேறுபடுகிற இரண்டு கோளாறுகளை நாம் ஒரே பெயரால் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒன்றில், ஒலி தொடக்கத்திலேயே அரை நொடி தள்ளி வரும். படம் முடியும்வரை அதே அரை நொடிதான், கூடாது குறையாது. மற்றதில், தொடக்கத்தில் உதடும் பேச்சும் கச்சிதமாகச் சேர்ந்திருக்கும். பத்து நிமிடம் போனதும் லேசாக இடறும். கடைசிக் காட்சியில் ஆள் பேசி முடித்து வாயை மூடிய பிறகுதான் வசனமே கேட்கும்.

முதல் வகைக்கு ஒலித்தடத்தின் நேரமுத்திரைகளை (ஒவ்வொரு துண்டும் எந்த நொடியில் ஒலிக்க வேண்டும் என்ற குறிப்புகளை) மொத்தமாக நகர்த்தினால் போதும். ஒலி, படத் தடங்களை ஒரே கோப்பாகச் சேர்க்கும் எம்கேவிமெர்ஜ் என்ற கருவியில் இத்தனை மில்லிநொடி என்று கொடுத்துவிட்டால், ஒலியையோ படத்தையோ மறுபடி குறியாக்கம் செய்யாமலே வேலை முடிந்துவிடும். இரண்டாவது வகைக்கும் இதையே செய்தால், நாம் சரிபார்த்த அந்த ஒரு இடத்தில் மட்டும் சேரும். அதற்கு முன்னும் பின்னும் விலகியே இருக்கும். விஎல்சி என்ற வீடியோ இயக்கியில் (பிளேயரில்) ஜே, கே விசைகளை 50 மில்லிநொடி வீதம் தட்டித் தட்டிச் சரிசெய்து, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தட்ட வேண்டி வருகிறது என்று பலர் புலம்புவது இதனால்தான். உதவிப் பக்கத்தில் இரண்டுக்கும் 'ஒத்திசைவின்மை' என்று போட்டால், படிப்பவர் ஒன்றின் தீர்வை மற்றதற்குச் செய்து பார்த்துச் சலித்துப்போவார்.

என் முன்மொழிவு: மாறாத இடைவெளிக்கு 'ஒலிப் பிசகு', வளர்ந்துகொண்டே போகும் இடைவெளிக்கு 'ஒலி நழுவல்'.

'அச்சுப் பிசகாமல்' என்று சொல்கிறோமே, அந்தப் பிசகுதான். இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகி, விலகிய இடத்திலேயே நிற்பது. 'நழுவல்' அப்படி நிற்காது, போய்க்கொண்டே இருக்கும். வினையாக்கிப் பாருங்கள்: 'ஒலி பிசகியிருக்கிறது', 'ஒலி நழுவுகிறது'. விளக்கம் சொல்லாமலே வேறுபாடு காதில் விழுகிறது. பெயர்ச்சொல்லாக மட்டும் நின்று, வினையாக வளையாத கலைச்சொல் பேச்சில் பிழைப்பதில்லை என்பது என் எண்ணம்.

> 'கால விலகல்', 'நேரப் பிறழ்வு' இரண்டும் முன்பே பேசப்பட்டவை. அவற்றை ஏன் விட வேண்டும்?

'விலகல்' புள்ளியியலில் நன்றாக வேரூன்றிவிட்டது. 'பிறழ்வு' என்றதும் மனப்பிறழ்வும் மரபணுப் பிறழ்வும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. அதைவிட, இவை இரண்டுமே இடைவெளி நிலையானதா வளர்வதா என்று சொல்வதில்லை. பேச்சில் 'பிசகு' பொதுவான தவறையும் குறிக்கும் என்ற மறுப்பு நியாயமானது. 'ஒலி' என்ற முன்னொட்டு அதைச் சமாளிக்கும் என்று நினைக்கிறேன்.

நழுவலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எவ்வளவு நழுவுகிறது என்ற அளவே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். நொடிக்கு 23.976 ஃபிரேம் (தனித்தனிப் படச்சட்டம்) ஓட வேண்டிய படத்தை 24 என்று வைத்து மாற்றினால், ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் கூடும். பத்து நிமிடத்தில் 0.6 நொடி, ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி. அதே 24 ஃபிரேம் படத்தை 25 ஆக ஓட்டி, ஒலியை அப்படியே விட்டால், ஒரு மணி நேரப் படம் 57 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். ஒலி 2 நிமிடம் 24 நொடி மிஞ்சி நிற்கும். கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் தனித்தனியாக ஓடியிருந்தால் இரண்டின் கடிகாரங்களும் நுணுக்கமாக வேறுபடும். அந்த வேறுபாடு பத்து லட்சத்தில் 50 பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 180 மில்லிநொடி. ஆகவே உதவிப் பக்கத்தில் 'நழுவல் வீதம்' என்ற சொல்லும் இருந்தால், 'உங்கள் நழுவல் வீதம் மணிக்கு 3.6 நொடியா? ஃபிரேம் வீதத்தைப் பாருங்கள்' என்று ஒரே வரியில் வழிகாட்டலாம். ஃபிரேம் வீதம் சரியாக இருந்தும் நழுவினால், ஒலியின் சுருதி மாறாமல் நீட்டவோ சுருக்கவோ வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்ற வடிவமாற்றுக் கருவியின் ஏடெம்போ வடிகட்டி அந்த வேலையைச் செய்யும்.

போனில் எடுத்த வீடியோக்களில் நழுவல் சீராக இருக்காது. வெளிச்சம் குறைந்தால் போன் நொடிக்கு எடுக்கும் ஃபிரேம்களைக் குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியான நேரமுத்திரை இருந்தும், தொகுப்பு மென்பொருள் அதைப் பார்க்காமல் சராசரியை வைத்து அடுக்கினால் ஒரு இடத்தில் விலகி இன்னொரு இடத்தில் சேரும். இந்தக் கோப்புகளுக்கு 'மாறு ஃபிரேம் வீதம்', மற்றதற்கு 'நிலை ஃபிரேம் வீதம்' என்று வைக்கலாம். 'மாறுதிசை மின்னோட்டம்' பள்ளியிலேயே பழகிய அமைப்பு என்பதால் விளங்கிக்கொள்வதில் சிரமம் இராது. தொகுக்கும் முன் நிலை வீதத்துக்கு மாற்றிக்கொள்வதே இதற்கு வழி.

> நடுவில் திடீரென்று விலகி, அதன்பின் அதே அளவில் நிற்பதை என்ன சொல்வது? 'தாவல்'?

'தாவல்' ஏற்கெனவே உலாவியின் டேப்புக்குப் போய்விட்டது. ஏதோ ஓரிடத்தில் சில ஃபிரேம்கள் விடுபட்டதால் வருகிற பிசகு இது. 'இடைப் பிசகு' என்றாலே போதும். தனிச்சொல் வேண்டாம்.

திசையைச் சொல்ல 'முந்தல்', 'பிந்தல்' என்று முன்பு ஒருவர் எழுதியதை முழுதாக ஆதரிக்கிறேன். ஒலி முந்தினால் நமக்குச் சட்டென்று உறைக்கும், பிந்தினால் ஓரளவு பொறுத்துக்கொள்வோம். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998 பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம். பிந்தும்போது 125 வரை போகலாம். இயற்கையிலும் ஒளியைவிட ஒலி பிந்தித்தானே வந்து சேர்கிறது.

இந்த எல்லை ஏன் முக்கியம் என்றால், சில பிசகுகள் மாற்றும்போதே சத்தமில்லாமல் சேர்ந்துகொள்பவை. ஏஏசி என்ற ஒலி வடிவத்துக்கு மாற்றும் குறியாக்கி ஒலியின் முன்னால் கொஞ்சம் வெற்று ஒலியைச் சேர்க்கும். 2112 மாதிரிகள் சேர்க்கும் குறியாக்கியில், நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட (44,100 ஹெர்ட்ஸ்) ஒலிக்கு அது கிட்டத்தட்ட 48 மில்லிநொடி. அதைக் கழிக்கச் சொல்லும் குறிப்பு கோப்புக்குள் இருக்கும். வடிவம் மாற்றும் மென்பொருள் அந்தக் குறிப்பைப் படிக்காவிட்டால் ஒலி 48 மில்லிநொடி பிந்தும், யாருக்கும் தெரியாது. அதே கோப்பை அதே வழியில் மூன்று முறை மாற்றினால் 144, இப்போது தெரியும். இதற்கு 'திரள் பிசகு' என்று ஒரு சொல் எனக்குத் தோன்றுகிறது, இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

கடைசியாக, வீடியோ இயக்கிகளின் பட்டியலில் (மெனுவில்) ஒலியை முன்பின் நகர்த்த வரும் அந்த ஒரு பெட்டி. 'ஒலித் தாமதம்' என்று மொழிபெயர்த்திருக்கிறோம். ஆனால் அதில் கழித்தல் குறியோடும் எண் கொடுக்கலாம். எம்பிவி என்ற இயக்கியில் கூட்டல் எண் கொடுத்தால் ஒலி பிந்தும், கழித்தல் எண் கொடுத்தால் படம் பிந்தும். 'கழித்தல் 200 மில்லிநொடி தாமதம்' என்றால் பயனர் என்ன புரிந்துகொள்வார்? 'ஒலி முன்பின்' என்று பெட்டிக்குப் பெயர் வைத்து, கீழே 'கூட்டல்: ஒலி பிந்தும், கழித்தல்: ஒலி முந்தும்' என்று சிறு குறிப்புப் போடலாம். பெட்டியின் அகலத்துக்குள்ளும் அடங்கும்.

பிசகு, நழுவல் இரண்டுக்கும் மறுப்பு இல்லையென்றால் இவற்றை மொழிபெயர்ப்புக் கோப்பில் சேர்த்துவிடலாம். 'ஒலி முன்பின்', 'திரள் பிசகு' இரண்டையும் பற்றி உங்கள் கருத்து வந்த பிறகு முடிவு செய்யலாம்.