புதுப்பிப்பு: நட்சத்திரம் மட்டும் போடும் வாடிக்கையாளர்

பல டிசைனர்கள் டிசைன் அனுப்ப, வாடிக்கையாளர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுக்கும் லோகோ போட்டி ஒன்றில், அவர் எல்லாருக்கும் மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். "பேசாமல் விலகிவிடுங்கள்" என்பதே பலரின் பதில். "கேள்வியைச் சுருக்கிக் கேளுங்கள்" என்று ஒருவர் சொன்னார். சரி, அதையே செய்து பார்த்தேன்.

"கருத்து சொல்லுங்கள்" என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒரே லோகோவைத் தடித்த கோட்டிலும் மெல்லிய கோட்டிலும் வரைந்து அனுப்பி, "இதை முதலில் எதில் போடப் போகிறீர்கள், எது சரிவரும்?" என்று மட்டும் கேட்டேன். அன்றே பதில் வந்தது: சீருடைத் தொப்பியில் எம்பிராய்டரி! போட்டி விவரத்தில் இதைப் பற்றி மூச்சே இல்லை. மெல்லிய கோடும் பொடி எழுத்தும் தையலில் தெளிவாக வராது. கிரேடியன்ட்டை (ஒரு நிறம் மெல்ல மெல்ல இன்னொன்றாக மாறுவதை) நூலில் கொண்டுவருவதும் கடினம். வந்திருந்த டிசைன்களில் பாதி அங்கேயே அடிபட்டுப்போகும். (சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை போல.)

கோடுகளைத் தடிப்பாக்கி, இரண்டே நிறத்தில் மாற்றிக் கொடுத்தேன். இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டது. அப்புறம் பழையபடி மௌனம்தான். பரிசு உத்தரவாதம் உள்ள போட்டி (யாருக்காவது பரிசு கொடுத்தே ஆக வேண்டும்) என்பதால் காத்திருக்கிறேன். இல்லையென்றால் இந்நேரம் கிளம்பியிருப்பேன்.