நம்ம வீடு (குடும்பக் குழு), திங்கள் இரவு

பிரியா, 10:47
ஒரு கேள்வி. இங்கே யாராவது ஆன்லைனில் கவுன்சலிங் எடுத்திருக்கிறீர்களா? வீடியோ காலில் பேசுகிறார்களே, அது.

பிரியா, 10:49
எனக்குத்தான். தோழிக்கு என்று பொய் சொல்ல அலுப்பாக இருக்கிறது.

செல்வம் சித்தப்பா, 10:52
ஏம்மா, உனக்கு என்ன குறை? நல்லாத்தானே இருக்கிறாய். பிள்ளை வளர்ப்பது எல்லாரும் செய்வதுதானே. நாங்கள் மூன்று பேரை வளர்க்கவில்லையா?

மாலதி சித்தி, 10:53
வளர்த்தது நான்.

மாலதி சித்தி, 10:53
நீ சொல்லு பிரியா.

பிரியா, 10:58
பெரிதாக எதுவும் நடக்கவில்லை சித்தி. பெரியவன் பேஸ்ட்டைப் பிதுக்கிக் கண்ணாடி முழுக்கப் பூசியிருந்தான். சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். நான் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் சும்மா நின்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை கேட்காதல்லவா. கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எதுவுமே வரவில்லை. யார் வீட்டுப் பிள்ளைகளையோ பார்த்துக்கொள்வது போல இருந்தது.

செல்வம் சித்தப்பா, 11:00
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

நித்யா அக்கா, 11:04
பிரியா, அந்தக் கடைசி வரி முக்கியம். சோர்வு எல்லாருக்கும் உண்டு, தூங்கினால் போய்விடும். பிள்ளைகளிடமிருந்து மனது விலகி நிற்பது வேறு. பெல்ஜியத்தில் ரோஸ்காம், மிகோலைசாக் என்று இரண்டு உளவியலாளர்கள் பெற்றோருக்கு வரும் பர்ன்அவுட்டையே, அதாவது மனமும் உடம்பும் முழுக்க வற்றிப்போவதையே, தனியாக ஆராய்கிறார்கள். அவர்கள் சொல்லும் அறிகுறிகளில் இதுவும் ஒன்று: வேலையெல்லாம் நடக்கும், குளிப்பாட்டுவாய், ஊட்டுவாய், ஆனால் உள்ளே ஒட்டாது. முன்பு நான் இப்படி இல்லையே என்கிற உறுத்தலும் கூடவே வரும்.

பிரியா, 11:05
ஆமாம் அக்கா. அந்த உறுத்தல்தான்.

நித்யா அக்கா, 11:09
பாப்பாவுக்கு இன்னும் ஒரு வயதாகவில்லை. அதனால் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று உண்டு, 1987-ல் வந்தது. 10 கேள்விகள்தான், கடந்த 7 நாள் எப்படி இருந்தாய் என்று கேட்கும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்குமோ என்று பார்க்க உதவும். நோய் இது என்று அதை வைத்தே முடிவு கட்ட முடியாது. தனியாக அனுப்புகிறேன், குழுவில் பதில் போடாதே. கடைசிக் கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு ‘ஒருபோதும் இல்லை’ தவிர எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம். ஆன்லைன் வேண்டாம், அன்றைக்கே நேரில் டாக்டர். எனக்கு எந்த நேரமானாலும் கூப்பிடு.

பிரியா, 11:15
பார்த்துவிட்டேன். அந்த எண்ணம் இல்லை அக்கா. சத்தியமாக. மற்றதை உனக்குத் தனியாகச் சொல்கிறேன்.

முரளி அண்ணன், 11:17
நான் எடுத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

மாலதி சித்தி, 11:17
எப்போது முரளி?

முரளி அண்ணன், 11:25
பையன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது சித்தி. நானும் அவனும் பேசினாலே சண்டை. வீட்டில் பேச வசதியில்லை, காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசுவேன். முதலில் கிடைத்தவர் ஒத்துவரவில்லை. நான் ஒரு வரி சொன்னால் அவர் பத்து வரி உபதேசம். மாற்றிவிட்டேன். பிரியா, கவுன்சலரை மாற்றுவதற்குச் சங்கடப்படவே கூடாது. அவரோடு மனம் ஒட்டவில்லை என்றால் எந்த முறையும் பலிக்காது.

முரளி அண்ணன், 11:31
இரண்டாவது பெண்மணி ஆரம்பத்திலேயே, இப்போது எங்கே இருந்து பேசுகிறீர்கள், அவசரம் என்றால் யாரைக் கூப்பிடலாம், லைன் கட்டானால் எந்த எண்ணில் பிடிக்கலாம் என்று கேட்டுக்கொண்டார். போலீஸ் விசாரணையா என்று நினைத்தேன். அப்படிக் கேட்பவர்தான் ஒழுங்கானவர் என்று அப்புறம் புரிந்தது. அறிவுரையே இல்லை. ஒவ்வொரு சண்டைக்கும் சற்று முன்னால் என்ன நடந்தது என்று மட்டும் எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தால் முக்கால்வாசி நான் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தவை. நுழைந்ததும் முதல் கேள்வி ‘படித்தாயா?’ அதை நிறுத்தியதில் பாதி அடங்கியது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

தினேஷ், 11:33
அக்கா, இதுக்கெல்லாம் ஏஐ இருக்கே. ராத்திரி 2 மணிக்குக்கூடப் பொறுமையாகக் கேட்கும். நான் பேசுவேன்.

நித்யா அக்கா, 11:38
கேட்கும்டா, யார் இல்லை என்றது? 1966-லேயே வைசன்பாம் என்பவர் எம்ஐடியில் எலிசா என்று ஒரு புரோகிராம் எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அதனோடு தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவருடைய செயலாளரே அவரிடம் சொன்னாராம். மனதில் இருப்பதைக் கொட்ட மெஷின் போதும். குளியலறையில் நிற்கிறவளைப் போன வாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது சரியில்லை, டாக்டரிடம் போ என்று பொறுப்பெடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

பிரியா, 11:40
எந்த ஆப் நல்லது?

நித்யா அக்கா, 11:48
ஆப்பை விடு, ஆளைப் பார். என்ன படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார், குழந்தை பெற்ற பெண்களோடு வேலை செய்திருக்கிறாரா என்று நேராகக் கேள். கோபப்பட்டால் அவர் வேண்டாம். மாத்திரை தேவைப்பட்டால் கவுன்சலர் தர மாட்டார், அதற்கு மனநல மருத்துவர். நீ பால் கொடுப்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடு.
அப்புறம் ரகசியம். பெட்டர்ஹெல்ப் என்கிற பெரிய ஆன்லைன் கவுன்சலிங் நிறுவனம், மக்கள் நம்பிக் கொடுத்த விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட்டுக்கெல்லாம் கொடுத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-ல் நடவடிக்கை எடுத்தது. 78 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. அதனால் பதிவு செய்யும்போது ஃபேஸ்புக் மாதிரி வேறு கணக்கு வழியாக நுழையாதே, புது மெயில் வைத்துக்கொள். செஷனை ரெக்கார்ட் செய்வார்களா என்றும் கேள்.

செல்வம் சித்தப்பா, 11:50
இவ்வளவு இருக்கிறதா இதில்.

மாலதி சித்தி, 11:50
நீங்கள் தூங்கவில்லையா?

கார்த்திக், 11:52
நான் ஹாலில்தான் இருக்கிறேன். என் மனைவி சுவருக்கு அந்தப் பக்கம். இதையெல்லாம் குழுவில் படித்துத் தெரிந்துகொள்கிறேன்.

பிரியா, 11:53
உங்களிடம் சொல்ல ஆரம்பித்தாலே ‘நான் என்ன செய்யணும்’ என்பீர்கள். அதற்கும் நான்தான் பட்டியல் போட வேண்டும்.

முரளி அண்ணன், 11:54
கார்த்திக், கோபப்படாதே. நானும் அந்தக் கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தவன்.

நித்யா அக்கா, 11:57
கார்த்திக், நீங்களும் அந்த 10 கேள்வியைப் பாருங்கள். அப்பாக்களுக்கும் வரும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் பார்த்தபோது, குழந்தை பிறப்பை ஒட்டிய காலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு அப்பாவுக்கு மனச்சோர்வு இருந்தது. நீங்கள் ஹாலில் தூங்கத் தொடங்கி எவ்வளவு நாளாகிறது என்று நான் கேட்கவில்லை.

கார்த்திக், 12:03
சரி அண்ணி. பார்க்கிறேன்.

கார்த்திக், 12:10
பிரியா, நீ சனிக்கிழமை காலை 10 மணிக்கு நேரம் வாங்கு. பெட்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பேசு. பிள்ளைகள் இரண்டு பேரையும் நான் வெளியே கூட்டிப் போகிறேன். பேசி முடிக்கிற வரை திரும்ப மாட்டோம்.

பிரியா, 12:11
நிஜமாகவா?

கார்த்திக், 12:11
நிஜமாக. டயப்பர் பை எங்கே இருக்கிறது?

மாலதி சித்தி, 12:12
தேடுங்கள் மாப்பிள்ளை.